காலை பத்து மணி: பதாகை விரித்தல்

ரொறன்ரோ தமிழ் மாணவர் வரலாற்றுக் கல்விப் பேரவை என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அதன் தலைவர் பத்மநாதன் மாஸ்ரர் மட்டும்தான். மற்றவர்கள் பேரவை என்று சுருக்கிச் சொல்வார்கள். அது மாஸ்ரருக்குப் பிடிக்காது. ஊரில் இருபத்தாறு வருடம் பாடசாலை அதிபராக இருந்த மனிதர். ஸ்காபரோவில் வந்து இறங்கியபோது அவருக்காக எந்தப் பள்ளிக்கூடமும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேரவையைத் தொடங்கினார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், வோபர்னில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பேரவை கூடியது. பன்னிரண்டு தமிழ் மாணவர்களை இங்கிலாந்தின் வரலாற்றுத் தலங்களுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகப் போவதாக அறிவித்தது. அறிவிப்பதற்கு முன் மங்கள விளக்கு ஏற்றினார்கள். ஏழு திரிக்கு ஏழு பிரமுகர்கள். புகை மேலே போய்த் தீ எச்சரிக்கை மணியைக் கிளப்பிவிட்டது. அதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துச் சபை எழுந்து நின்றது. மாஸ்ரர் கையைக் காட்டி இருத்தினார்.

கடைசி வரிசையில் இருந்த வேரோனிக்காவுக்கு வரலாற்றில் ஒரு அக்கறையும் கிடையாது. ஒஷாவாவில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. விடிய ஐந்து மணிக்கு வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மன்னாரில் புருசனை அடக்கம் செய்துவிட்டுச் சின்னவள் அன்ரனெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள். மூத்தவன் கிளிபோட் அதற்கு முந்திய வருடமே ஏஜென்சி மூலம் கனடாவுக்கென்று புறப்பட்டு லண்டனில் மாட்டிக்கொண்டான். அவனுடைய அகதி வழக்கு எட்டு வருடமாக முடியவில்லை. அது முடியும்வரை அவன் அந்த நாட்டை விட்டு அசைய முடியாது. இவள் போய்ப் பார்க்கலாம் என்றால், இரண்டு தரம் விசாவுக்குப் போட்டு இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டாளாம்.

ஆனால் மாணவர் குழு என்றால் விசா கொடுப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்ரனெற்றுக்கு இப்போது பதினாறு வயது. நான் பார்க்காவிட்டாலும் இவளாவது அண்ணனை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு வரட்டும் என்பதுதான் வேரோனிக்காவின் எண்ணம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அவள் பேரவையின் அத்தனை கூட்டங்களுக்கும் போனாள். கடலை வடை சுட்டுக் கொண்டுபோனாள்.

பேரவையின் வேலைத்திட்டம் மிகவும் ஒழுங்கானது. பன்னிரண்டு மாணவர்களுக்குப் பத்தொன்பது உபகுழுக்கள். வரவேற்பு உபகுழு, பிரியாவிடை உபகுழு, பதாகை உபகுழு, மலர் உபகுழு, உபகுழுக்களை ஒருங்கிணைக்கும் உபகுழு. பதாகையில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்பதில் மட்டும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் எல்லாருடைய பெயரையும் ஒரே அளவில் போடுவது என்று சமாதானமானார்கள். அதனால் பதாகை முப்பது அடி நீளத்துக்கு வந்தது. மாணவர்களின் பெயர்களுக்கு இடம் காணவில்லை.

"பிள்ளையளுக்கு இன்னும் வயசிருக்குத்தானே," என்றார் மாஸ்ரர். "அதுகள் பிறகும் பேர் எடுக்கலாம்."

சுற்றுலாவுக்கு ஒரு சிறப்பு மலரும் உண்டு. அதில் ஒவ்வொரு மாணவரும் 'நான் கண்ட இங்கிலாந்து' என்று ஒரு கட்டுரை எழுதவேண்டும். பயணம் யூலையில். கட்டுரை பங்குனி முடிவுக்குள். அன்ரனெற்றுக்கு லண்டன் கோபுரம் தலைப்பாக விழுந்தது. அவள் நூலகத்துக்குப் போய் வாசித்து, ஆங்கிலத்தில் எழுதி, தாயிடம் கேட்டுக் கேட்டுத் தமிழாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். செயலாளர் இராஜேஸ்வரி சிவப்புப் பேனாவால் அடையாளமிட்டுத் திருப்பித் தந்தார். 'போதிய வியப்பு இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

"அன்ரி, நான் இன்னும் பாக்கேல்லையே. ஹவ் கன் ஐ பீ சர்ப்ரைஸ்ட்?" என்று கேட்டாள் அன்ரனெற்.

"பாத்துப்போட்டு எழுதினா அச்சுக்கு நேரம் காணாது பிள்ளை. இப்ப வியந்து வையுங்கோ. அங்க போனவுடன அது சரியா வரும்."

அன்ரனெற் மூன்று இடங்களில் வியந்து எழுதிக் கொடுத்தாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பிறகு ஒத்திகை வைத்தார்கள். இங்கிலாந்தில் போய் மாணவர்கள் தடுமாறக்கூடாது என்பதற்காக, சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மஞ்சள் பஸ் பிடித்து, நகருக்குள்ளேயே இருக்கும் காசா லோமா மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். கோட்டை போலக் கட்டிய வீடு என்பதால் ஒத்திகைக்கு அதுவே பொருத்தம் என்று உபகுழு கண்டுபிடித்திருந்தது. வாகனத் தரிப்பிடத்தில் பதாகையை விரித்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் அங்கேயே நடந்தன. குளிர்காற்றில் பிள்ளைகள் உயர வரிசைப்படி நின்றார்கள். நன்றியுரையில் பஸ் சாரதியின் பெயர் வரும்போது நேரம் ஐந்து மணி. மாளிகையைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

"வரலாறு எண்டது உள்ளுக்குப் போய்ப் பாக்கிற விசயம் இல்லை, பிள்ளையள். அது பதிவு செய்யிற விசயம். நாங்கள் இந்த இடத்துக்கு வந்தம் எண்டதுக்குப் படம் இருக்குது. இனி இந்தக் கட்டடம் இடிஞ்சு விழுந்தாலும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை."

கை தட்டினார்கள். வேரோனிக்காவும் தட்டினாள். எரிச்சல் வராமலில்லை. ஆனால் அவளுடைய கைப்பையில் பேரவையின் இங்கிலாந்து நிகழ்ச்சி நிரல் இருந்தது. அதில் அச்சடித்திருந்த முதல் வரியை அவள் ஜெபம்போல் மனப்பாடம் செய்திருந்தாள். யூலை ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி, லண்டன் கோபுரத்தின் முன்னால்: பதாகை விரித்தல்.

அதன் பிரதி ஒன்றை அவள் கிளிபோட்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். கிடைத்த அன்றே அவன் ரெலிபோன் எடுத்தான்.

"அம்மா, அண்டைக்கு நான் லீவு கேட்டிட்டன். பெற்றோல் ஸ்ரேசன் முதலாளி ஓம் எண்டிட்டார்."

"ஒன்பதரைக்கே போய் நில்லு மோனை."

"எட்டு மணிக்கே நிப்பன். அவள் என்னை அடையாளம் பிடிச்சுக்கொள்ளுவாளே அம்மா? நான் போகேக்க அவளுக்கு எட்டு வயசு."

"முப்பதடிப் பதாகை வருது. அதுக்குக் கீழ நிக்கிறது உன்ர தங்கச்சி. பிறகென்ன."

இந்த ஒரு விசயத்துக்காகவே அவள் பேரவைக்கு எல்லாவற்றையும் மன்னித்தாள்.

வைகாசி கடைசியில் ஆவணக் கையளிப்பு விழா வந்தது. விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரங்களை மாணவர்கள் மேடையில் ஏறித் தலைவரிடம் கையளிக்கவேண்டும். விழா சித்திரையிலேயே நடந்திருக்கும். பிரதம விருந்தினர் சுவிற்சர்லாந்துக்கு ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டதால் ஐந்து வாரம் பொறுக்கவேண்டியதாகிவிட்டது. கையளிக்கவேண்டியவற்றில் முக்கியமானது லாண்டட் பேப்பர். நீ இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் ஒற்றைத் தாள் அது. தொலைத்தால் தலையில் கைவைக்கவேண்டியதுதான். வேரோனிக்கா அதைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

மேடையில் ஒரு புது இயந்திரம், சந்தனப் பொட்டுடன் இருந்தது. பிளாஸ்ரிக் உறை ஒட்டும் இயந்திரம்.

"இந்தப் பேப்பருகள் நாங்கள் பட்ட பாட்டின்ர சாட்சி," என்றார் மாஸ்ரர். "கசங்கிக் கிழிஞ்சு வெள்ளைக்காரன்ர மேசைக்குப் போகக்கூடாது. நூறு வருசத்துக்குப் பிறகும் இது இப்பிடியே இருக்கவேணும். அதுக்காகப் பேரவை எல்லாத்தையும் லமினேற் பண்ணிக் குடுக்குது."

மண்டபம் நெகிழ்ந்துபோனது. எங்கள் சனங்களுக்கு லமினேற் என்றால் ஒரு தனி ஆறுதல். ஓடி ஓடி வந்தவர்கள். நனைந்தும் எரிந்தும் போன பத்திரங்களுக்காக எத்தனை கந்தோர் வாசல்களில் நின்று அழுதவர்கள். கையில் மிஞ்சியதைப் பிளாஸ்ரிக்கில் போட்டால்தான் நித்திரை வரும். வேரோனிக்காவும் தன் கலியாணப் பதிவு, புருசனின் மரணப் பத்திரம், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரம் எல்லாவற்றையும் எப்போதோ லமினேற் பண்ணிவிட்டாள். லாண்டட் பேப்பரைத்தான் பயத்தில் தொடாமல் வைத்திருந்தாள். மாஸ்ரர் கையால் நடப்பது நல்லதுதான் என்று நினைத்தாள். தாள்கள் ஒவ்வொன்றும் சூடாக வெளியே வந்தபோது நாதஸ்வர நாடா போட்டார்கள்.

விண்ணப்பங்கள் போய், நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது யூலை இரண்டாம் திகதி, புதன்கிழமைக்கு. விமானம் வெள்ளிக்கிழமை. விசா கந்தோரின் யன்னலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். மிக மரியாதையானவள். அன்ரனெற்றின் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், விரல் நகத்தால் சுரண்டினாள்.

"இது உண்மையான பத்திரம் என்று எனக்குத் தெரிகிறது," என்றாள். "ஆனால் உண்மையான பத்திரமா என்று உறுதிசெய்ய முத்திரையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். பிளாஸ்ரிக் தடுக்கிறது. உறை போட்ட பத்திரம் சேதமாக்கப்பட்ட பத்திரம் என்பது எங்கள் விதி."

"இதில ஒரு சேதமும் இல்லையே," என்றார் கூட வந்திருந்த மாஸ்ரர்.

"ஆம். இதைவிட நல்ல நிலையில் ஒரு பத்திரத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஏற்கமுடியவில்லை. புதிய பிரதி எடுத்து வாருங்கள். ஒன்பது மாதத்தில் கிடைத்துவிடும். உங்கள் பொறுமைக்கு நன்றி."

மற்றப் பிள்ளைகளுக்கும் இதே பதிலைச் சொல்லி, அவள் புன்னகையுடன் யன்னலை இழுத்து மூடினாள். அன்ரனெற் தாயின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அவசரப் பொதுக்கூட்டம். அதற்கும் விளக்கு ஏற்றினார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குத்தான் விசா தேவை, மற்ற மூன்று பேரிடமும் கனடிய பாஸ்போட் இருக்கிறது, அவர்களாவது போகட்டும் என்று ஒரு தகப்பன் எழும்பிச் சொன்னார். இராஜேஸ்வரி அதை உடனே மறுத்தார்.

"மூண்டு பேர் போய் ஒன்பது பேர் நிக்கிறதோ? மாணவர் சமத்துவம் எண்டது பேரவையின்ர யாப்பில இருக்குது. போனால் எல்லாரும் போகவேணும், நிண்டால் எல்லாரும் நிக்கவேணும்."

"அப்ப சுற்றுலா இல்லையோ?"

"ஆர் சொன்னது இல்லையெண்டு?" மாஸ்ரர் எழுந்தார். "மலர் அச்சடிச்சாச்சு. பிள்ளையள் கோபுரத்தைக் கண்டு வியந்தவை எண்டு அதில கிடக்குது. அச்சில வந்ததை நாங்கள் பொய்யாக்க ஏலாது. பொறுப்பாளர்கள் ஏழு பேருக்கும் பாஸ்போட் இருக்குது. நாங்கள் மாணவரும் இல்லை. எனவே மாணவர் சமத்துவம் எங்களைக் கட்டுப்படுத்தாது. பிள்ளையளின்ர படங்களை மட்டையில ஒட்டிக் கொண்டுபோவம். இது பிரதிநிதித்துவக் கல்விச் சுற்றுலா. உலகத்தில ஒருத்தரும் இன்னும் செய்யாத ஒரு முறை."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வேரோனிக்கா கையை உயர்த்தினாள். ஆதரவுக்கு உயர்த்தியதாக எண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவள் எழுந்து மேடைக்குக் கிட்டப் போனாள்.

"மாஸ்ரர், என்ர மகன் அங்க வந்து நிப்பான். தங்கச்சி வாறாள் எண்டு நினைச்சுக்கொண்டு நிப்பான். ஒருக்கா அவனிட்டச் சொல்லவேணும்..."

"தங்கச்சி, தனிப்பட்ட விசயங்கள் நிரலில கடைசியா 'வேறு விடயங்கள்' எண்டதுக்குக் கீழ வரும். அங்க எடுப்பம்."

'வேறு விடயங்கள்' வருவதற்குள் மண்டபத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. தேவாலயத்து மனிதர் வந்து விளக்குகளை அணைத்தார். வேரோனிக்கா வீட்டுக்கு வந்து லண்டனுக்கு ரெலிபோன் எடுத்தாள். கிளிபோட் நாலு பேருடன் சேர்ந்திருக்கும் அறையின் ரெலிபோன் வெட்டுப்பட்டிருந்தது. மறுநாளும் எடுத்தாள். பாவனையில் இல்லாத இலக்கம் என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. பெற்றோல் ஸ்ரேசனின் இலக்கத்தை அவள் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. அந்தப் புத்தி தனக்கு ஏன் வராமல் போனது என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. ரொறன்ரோவில் விடிய ஐந்து மணி என்றால் அங்கே பத்து மணி. அன்று வேலையில்லை. ஆனாலும் அவள் எழும்பிக் குசினிக் கதிரையில் இருந்தாள். அன்ரனெற் வந்து பக்கத்தில் இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. கிளிபோட், தெருவில் உள்ள ரெலிபோன் பெட்டியிலிருந்து.

"அம்மா, போனனான். தங்கச்சியைப் பாத்தனான்."

"ஆரைப் பாத்தனீ?"

"தங்கச்சியைத்தான். நல்லா வளந்திட்டாள். உங்கட மூக்கு..."

ரெலிபோன் காட் முடிந்து லைன் அறுந்தது. வேரோனிக்கா ரெலிபோனைக் கையில் வைத்தபடி, எதிரே சோற்றுக் கோப்பையுடன் இருந்த மகளைப் பார்த்தாள். எட்டு வருடத் தனிமையில் பிள்ளைக்கு ஏதும் மூளை பிசகிவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆறு நாட்களும் அவன் எடுக்கவில்லை. அவள் தைத்த உறைகளில் நாலைந்து கோணலாகி மேற்பார்வையாளனிடம் பேச்சு வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அதே நிலக்கீழ் மண்டபத்தில் வெற்றி விழா. ஏழு பொறுப்பாளர்களுக்கும் பொன்னாடை. மாணவர்களுக்கு, இங்கிலாந்துக் கல்விச் சுற்றுலாவை வெற்றிகரமாக நிறைவுசெய்தமைக்கான சான்றிதழ். அவை லமினேற் செய்யப்பட்டிருந்தன. அன்ரனெற் தன்னுடையதை வாங்கி, குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைச் சேலையைச் சுவரில் கட்டி, ஸ்லைட் காட்டினார்கள்.

முதல் படம் லண்டன் கோபுரத்தின் முன்னால். கம்பி வேலியில் பதாகை கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஏழு பேரும் கோட்டுடன் நின்றார்கள். ஐந்து பேரின் கைகளில் இரண்டிரண்டு மட்டைகள், இரண்டு பேரின் கைகளில் ஒவ்வொன்று. இராஜேஸ்வரியின் இடது கையில் அன்ரனெற் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு பேரும் படத்தில நிக்கிறியள். ஆர் எடுத்தது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நல்ல கேள்வி," என்றார் மாஸ்ரர். "அங்க ஒரு தம்பி எங்களுக்கு முன்னமே வந்து நிண்டவர். பதாகையைக் கண்டவுடன ஓடி வந்தார். பிள்ளையள் எங்கை எண்டு கேட்டார். பிள்ளையள் பிரதிநிதித்துவ முறையில வந்திருக்கினம் எண்டு நான் வடிவா விளங்கப்படுத்தினன். அவர் பிறகு மட்டையள் எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாத்தார். ஒரு மட்டையை மட்டும் கனநேரம் கையில வைச்சிருந்தவர். தருவியளோ எண்டு கேட்டார். அது பேரவையின்ர சொத்து, நிர்வாகசபை அனுமதி வேணும் எண்டன். நல்ல ஒழுக்கமான பொடியன், திருப்பித் தந்திட்டார். கமெராவைக் குடுத்தன், மத்தியானம் வரைக்கும் எங்களோட நிண்டு அவ்வளவு படமும் எடுத்துத் தந்தவர்."

"பேர் என்னவாம்?" வேரோனிக்காவுக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பேர் கேக்கேல்லை, தங்கச்சி. நிரலில அறிமுகம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை."

அவள் படத்தையே பார்த்தாள். காலை வெயில் எடுப்பவனின் முதுகுப் பக்கமிருந்து அடித்திருக்கவேண்டும். கல்லுப் பாவிய நிலத்தில், மாஸ்ரரின் சப்பாத்துவரை ஒரு நிழல் நீண்டு கிடந்தது. முழங்கைகள் இரண்டும் உயர்ந்திருந்தன. வலது தோள் சரிந்திருந்தது. ஆறு வயதில் பூவரச மரத்திலிருந்து விழுந்து முறிந்த தோள் அது. அவள்தான் மூன்று மாதம் எண்ணெய் பூசினாள்.

அவள் எழுந்து நடந்தாள். சேலைக்குக் கிட்டப் போய் நின்றதும் அவளுடைய நிழலும் அதில் விழுந்து, அந்த நிழலை மூடிவிட்டது. அவள் கொஞ்சம் விலகினாள். அது மறுபடி வந்தது. கையை நீட்டினாள். கையின் நிழல் அந்தத் தோளில் விழுந்தது.

"அக்கா, மறைக்குது. இருங்கோ," என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார்.

"மாஸ்ரர்," என்றாள் வேரோனிக்கா, திரும்பாமலே. "இந்தப் படத்தை எனக்குத் தாங்கோ."

"உது பிழையாப்போன படம், தங்கச்சி. நிழல் விழுந்திட்டுது எண்டு அல்பத்துக்கு எடுக்கேல்லை. ஆனாலும் பேரவையின்ர சொத்துத்தானே. எழுத்தில ஒரு விண்ணப்பம் தாங்கோ, அடுத்த பொதுக்கூட்டத்தில வைப்பம்." அவர் ஸ்லைட் இயந்திரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அடுத்தது போடும்."

இயந்திரம் கிளிக் என்றது. அதே கோபுரம், அதே பதாகை, அதே ஏழு பேர். நிலம் வெறுமையாக, பளிச்சென்று இருந்தது.

"இதுதான் சரியான படம்," என்றார் மாஸ்ரர். "கொஞ்சம் தள்ளி நிண்டு எடும் தம்பி எண்டு சொன்னனான். சொன்ன உடன தள்ளி நிண்டிட்டார்."

மண்டபம் கை தட்டியது.